திங்கட்கிழமைக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

“ரெண்டு பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு ஒரு காரா? இதுல என்னடா பெருமை?”

என் காரை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்துவிட்டு அப்பா கேட்ட முதல் கேள்வி இது. இரண்டாவது, எல்லா அப்பாக்களும் கேட்பது. “எவ்ளோ குடுக்குது?” லிட்டருக்குப் பத்து, பதினொன்று என்றேன். உதட்டைப் பிதுக்கினார். அம்மா போன பிறகு அவர் அமெரிக்கா வருவது அதுதான் முதல் முறை. வீட்டு வாசலில் நின்ற பெரிய வேனைப் பார்த்தபோது அவருக்கு இருந்த மரியாதை, பக்கத்தில் நின்ற இந்தச் சிவப்புக் காரைப் பார்த்ததும் போய்விட்டது.

வேன் மனைவியும் மகளும் பயன்படுத்துவது. நான் வேலைக்குப் போவது 1992இல் செய்த ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5இல். அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். இரண்டு இருக்கை, கையால் மடக்கும் துணிக் கூரை, ஐந்து கியர். ஆர்ட்டீசியாவிலிருந்து அர்வைனுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். காலையில் 50 நிமிடம், மாலையில் 70. ஆறு வருடங்களாக, வாரத்தில் ஐந்து நாள்.

“ஸ்போர்ட்ஸ் கார்ல ஆபீஸ் போறியா?” என்று கேட்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகைக்கு அது ஊதாரித்தனம். இன்னொரு வகைக்கு அது அவமரியாதை. அந்த மாதிரிக் காரை ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக்கு எடுத்துப் போகவேண்டும், டிராஃபிக்கில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பார்கள். இரண்டு பேருமே ஒரு விஷயத்தை நம்புகிறார்கள். ஸ்போர்ட்ஸ் கார் வேறு சாதி, தினசரிக் கார் வேறு சாதி. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். வரலாற்றைப் படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, சாதாரண மனிதர்கள் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பெரும்பாலும் குடும்பக் கார்களின் வயிற்றில் பிறந்தவை. அவற்றை வேலைக்கு ஓட்டிப் போவது தாய்வீட்டுக்குத் திரும்புவதுதான்.

*

கதையை 1945இல் தொடங்கலாம். போர் முடிந்த சில வாரங்களில் இங்கிலாந்தின் அபிங்டன் என்ற சிற்றூரில் எம்ஜி கம்பெனி டிசி என்ற காரைச் செய்ய ஆரம்பித்தது. உண்மையில் அது போருக்கு முந்தைய கார்தான், கொஞ்சம் அகலப்படுத்தியிருந்தார்கள். மரச் சட்டத்தின்மேல் தகரம் போர்த்திய உடம்பு. 1,250 சிசி இன்ஜின், அதுவும் மாரிஸ் குடும்பக் காரின் இன்ஜின் வம்சம். பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது, செருகிவைக்கும் திரைதான். ஹீட்டர் கிடையாது. எவ்வளவு மிதித்தாலும் மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டுவது கஷ்டம். அன்றைய சாதாரண அமெரிக்க செடான் ஒன்று அதை நேர்சாலையில் தோற்கடித்துவிடும்.

ஆனாலும் அது அமெரிக்காவுக்குப் போனது. இங்கிலாந்தில் முகாமிட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த வகைக் கார்களை அங்கேதான் முதலில் பார்த்தார்கள். போரில் ஓட்டாண்டியான பிரிட்டனுக்கு டாலர் தேவை. எவ்வளவு ஏற்றுமதி செய்கிறாயோ அதற்கேற்ப இரும்பு என்று அரசாங்கம் கார் கம்பெனிகளுக்குக் கட்டுப்பாடு வைத்தது. செய்த சுமார் 10,000 டிசிகளில் அமெரிக்கா போனது சுமார் 2,000தான். ஸ்டியரிங் வலது பக்கமே இருந்தது, அமெரிக்காவுக்காக அதைக்கூட மாற்றவில்லை. அந்த 2,000 கார்கள் ஒரு நாட்டுக்கே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தன.

அந்தப் பழக்கத்தில் வாரநாள், வாரக்கடைசி என்ற பிரிவு இல்லை. 1948 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென் ஊரில், பொதுச் சாலைகளை மூடி ஒரு பந்தயம் நடந்தது. ஏற்பாடு செய்தவர் கேமரன் ஆர்கெட்சிங்கர், சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர். அவரே தன் எம்ஜி டிசியில் கலந்துகொண்டார். பந்தயத்துக்கென்று ஒன்று, சாலைக்கென்று ஒன்று என இரண்டு கார் வைத்துக்கொள்ளும் வசதி அந்தக் கூட்டத்தில் பலருக்கும் இல்லை. சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் ஒரே கார்.

திங்கட்கிழமைதான் சிக்கல். பந்தயத்தில் கார் ஒரு மணி நேரம் தாங்கினால் போதும், பக்கத்தில் மெக்கானிக் இருப்பான். வேலைக்குப் போகும் கார் மழையில் ஸ்டார்ட் ஆகவேண்டும், வெயிலில் சிக்னலில் நிற்கும்போது கொதிக்கக் கூடாது, இருட்டினால் விளக்கு எரியவேண்டும். பிரிட்டிஷ் கார்கள் தோற்ற இடம் இதுதான். அவற்றின் மின்சாதனங்களைச் செய்தது பர்மிங்ஹாமின் லூக்காஸ் நிறுவனம். அமெரிக்காவில் அதன் நிறுவனருக்கு ‘இருட்டின் இளவரசர்’ என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். இன்றும் பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களிடம் விளக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த ஜோக் வராமல் போகாது. ஆயில் ஒழுகாவிட்டால்தான் கவலைப்படவேண்டும், உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம் என்பது இன்னொன்று. காதலித்தவர்கள்தான் இப்படிக் கிண்டல் செய்வார்கள். ஆனால் எட்டு மணிக்கு ஆபீஸில் இருக்கவேண்டியவனுக்குச் சிரிப்பு வராது.

*

போர்ஷே கம்பெனியில் வேறு வழியில் யோசித்தார்கள். 1948இல் வந்த போர்ஷே 356 ஃபோக்ஸ்வாகன் வண்டின் பாகங்களிலிருந்து உருவானது. தபால்காரரும் ஆசிரியரும் ஓட்டிய காரின் பிள்ளை. கூலன்ட் கிடையாது, காற்றால் குளிரும் இன்ஜின். கொதிப்பதற்கோ உறைவதற்கோ உள்ளே தண்ணீரே இல்லை. அதன் வாரிசு 1963இல் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் பூஜ்ஜியம் வரும் மூன்று இலக்க எண்கள் தங்களுடையவை என்று பூஜோ சண்டைக்கு வர, 911 ஆனது. அதில் எனக்குப் பிடித்த அம்சம் பின்னால் இருக்கும் இரண்டு குட்டி இருக்கைகள். பெரியவர்கள் உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும். ஆனால் பிள்ளைகளைப் பள்ளியில் விடலாம், மளிகைப் பையைப் போடலாம். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனுக்கும் குடும்பம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட இருக்கைகள் அவை.

ஜப்பானிலிருந்து பதில் 1969 கடைசியில் வந்தது. டாட்சன் 240இசட். அமெரிக்காவில் நிஸானை வளர்த்த யுடாக்கா கட்டயாமா கேட்டு வாங்கிய கார் என்று சொல்லலாம். மிஸ்டர் கே என்றுதான் அவரை அங்கே எல்லாரும் அழைத்தார்கள். 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின். அதுவும் அந்நியமானதல்ல. டாட்சன் 510 என்ற சாதாரண செடானின் நான்கு சிலிண்டர் இன்ஜினோடு இன்னும் இரண்டு சிலிண்டரைச் சேர்த்தால் கிடைப்பது. விலை 3,500 டாலர் சுமாருக்கு. துணிக் கூரை கிடையாது, தகரக் கூரை, பின்னால் தூக்கும் கதவு. மழை ஒழுகாது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும். பிரிட்டிஷ் கம்பெனிகள் இருபது வருடம் காதில் வாங்காத குறைகள் அனைத்துக்கும் ஒரே காரில் பதில்.

அதற்குள் அமெரிக்கச் சட்டங்களும் மாறிக்கொண்டிருந்தன. 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம், 1970இல் காற்றுத் தூய்மைச் சட்டம், பிறகு பம்பர் விதிகள். எம்ஜிபி காரின் குரோம் பம்பரை எடுத்துவிட்டு 1974 வாக்கில் கனத்த கறுப்பு ரப்பர் மூக்கை மாட்டினார்கள், அமெரிக்க விதிக்கு ஏற்ப உயரத்தையும் ஏற்றினார்கள். கார் வளைவுகளில் சாய ஆரம்பித்தது. புகைக் கட்டுப்பாட்டில் இன்ஜின் மூச்சு திணறியது. திறந்த கூரைக் கார்கள் கவிழ்ந்தால் ஆபத்து, தடை வந்தாலும் வரும் என்ற பயம் வேறு. 1976இல் கேடிலாக் எல்டராடோவை ‘கடைசி அமெரிக்கக் கன்வர்ட்டிபிள்’ என்று சொல்லியே விற்றார்கள்.

1979 செப்டம்பரில், அபிங்டனில் எம்ஜியின் 50ஆம் ஆண்டுவிழா முடிந்த கையோடு, ஆலையை மூடும் செய்தி வந்தது. 1980 அக்டோபரில் மூடினார்கள். 18 வருடங்களில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபிகள் வெளியேறிய வாசல் அது. அதே 1980இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் நின்றது. மலிவான, கூரை திறக்கும், இரண்டு பேர் போகும் கார் என்ற வகையே முடிந்துவிட்டது என்று பலரும் நினைத்தார்கள்.

ஸ்பிட்ஃபயர் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் கதை எங்கள் பெரியப்பா வீட்டு வாசலுக்கு வருகிறது.

*

பெரியப்பா கும்பகோணத்தில் டாக்டர். அவரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்று மூன்றே கார்கள் இருந்த காலத்தின் மிச்சம். நான் சிறுவனாகப் பார்க்கும்போதே அது கிழம். ஆனால் பானட்டைத் திறக்கும்போது ஓடிவந்து பார்ப்போம். மற்ற கார்களில் ஒரு மூடிதான் திறக்கும். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மூஞ்சி முழுக்க முன்பக்கமாகக் கவிழும். உள்ளே இன்ஜினும் முன்சக்கரங்களும் அம்மணமாக நிற்கும். முன்டயரின் மேல் உட்கார்ந்தபடியே பெரியப்பா ப்ளக்கைக் கழற்றுவார்.

இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கம்பெனி 1959இல் கொண்டுவந்த ஹெரால்டை, சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961இலிருந்து செய்தது. வண்டலூர்ப் பக்கம் ஆலை. வடிவமைத்தவர் ஜோவான்னி மிக்கலாட்டி என்ற இத்தாலியர். தனிச் சட்டத்தின் மேல் உடம்பைப் பூட்டும் அமைப்பு. மற்ற கம்பெனிகள் அந்த முறையைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம். ஆனால் அதில் ஒரு வசதி உண்டு. சட்டத்தை வைத்துக்கொண்டு மேலே வேறு உடம்பு போடலாம். ட்ரையம்ஃப் அதைத்தான் செய்தது. ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கி, அதே மிக்கலாட்டி வரைந்த இரண்டு இருக்கை உடம்பை மேலே வைத்தது. 1962இல் அது ஸ்பிட்ஃபயர். முன்பக்கமாகக் கவிழும் அதே மூஞ்சி, அதே இன்ஜின் குடும்பம், அதே சஸ்பென்ஷன்.

சென்னைக்காரர்கள் வேறொன்று செய்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டு செடானுக்கு இரண்டே கதவுதான். 1960களின் பிற்பகுதியில் இங்கே அதை நான்கு கதவுக் காராக்கினார்கள். இந்தியாவில் மட்டும் இருந்த வகை அது. காரணம் யாரும் விளக்கவேண்டியதில்லை. எங்கள் பெரியப்பா காரில் டாக்டர் மட்டும் போனதாக எனக்கு நினைவே இல்லை. கல்யாணத்துக்குப் போனால் எட்டுப் பேர், இருவர் மடியில். பாட்டி முன்சீட்டில், அவர் காலடியில் பலகாரத் தூக்கு.

இங்கிலாந்தில் ஒரு குடும்பக் காரிலிருந்து இரண்டு இருக்கைகளை எடுத்தார்கள், நம் ஊரில் இரண்டு கதவுகளைச் சேர்த்தார்கள். அப்பா கேட்ட முதல் கேள்விக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. எது உபயோகமான கார் என்று கேட்பதற்கு முன்னால், யாருடைய நாள், எத்தனை பேருடைய நாள் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

எம்ஜியின் முடிவு அறிவிக்கப்பட்ட அதே 1979இல், பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார்ப் பத்திரிகையாளர் ஹிரோஷிமாவில் மாஸ்டாவின் ஆராய்ச்சித் தலைவர் கென்இச்சி யமமோட்டோவைச் சந்தித்தார். மாஸ்டா அடுத்து என்ன செய்யலாம் என்று யமமோட்டோ கேட்டார். பழைய பிரிட்டிஷ் கார் மாதிரி எளிமையான, மலிவான, கூரை திறக்கும் கார் ஒன்று என்று ஹால் கரும்பலகையில் வரைந்து காட்டினார்.

யமமோட்டோ சாதாரண ஆள் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்த பொறியாளர். போர் முடிந்து, அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவுக்கு வந்து, மாஸ்டாவில் மூன்று சக்கர வண்டிகளுக்குப் பாகம் பூட்டும் தொழிலாளியாகச் சேர்ந்தவர். பின்னாளில், மற்ற கம்பெனிகள் கைவிட்ட ரோட்டரி இன்ஜினை ஓடவைத்த குழுவின் தலைவர். வேடிக்கைக்காகக் கார் செய்யும் மனநிலை அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஹால் சொன்ன யோசனையின்படி, ஹக்கோனே மலைப்பாதையில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்த்தார். மனம் மாறியது.

அவர் ஓட்டியது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.

இதைப் படித்த அன்று நான் ஆர்ட்டீசியா வீட்டில் நாற்காலியை விட்டு எழுந்து கராஜுக்குப் போய் என் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எம்எக்ஸ்-5 என்ற எண்ணத்தைத் தூண்டிய கார், பெரியப்பா வீட்டு ஹெரால்டின் தம்பி.

*

அப்புறமும் பத்து வருடம் ஆனது. பாப் ஹால் 1981இல் மாஸ்டாவின் கலிஃபோர்னியக் கிளையில் வேலைக்கே சேர்ந்துவிட்டார். அந்தக் கிளை இருந்தது அர்வைனில், நான் தினமும் போகும் ஊர். 1980களின் நடுவில் கம்பெனிக்குள்ளேயே போட்டி வைத்தார்கள். டோக்கியோ குழு, இன்ஜினும் இழுவையும் முன்னால் உள்ள ஒரு வகையையும், இன்ஜின் நடுவில் உள்ள ஒரு வகையையும் முன்வைத்தது. கலிஃபோர்னியக் குழு பழைய முறைக்கே போனது. இன்ஜின் முன்னால், பின்சக்கரங்கள் தள்ளும். 1984இல் கலிஃபோர்னியா ஜெயித்தது. மறு வருடம் இங்கிலாந்தில் கையால் செய்த மாதிரிக் காரை சான்டா பார்பராவின் தெருக்களில் ஓட்டிப் பார்த்தார்கள். பெயர் எதுவும் இல்லாத அந்தக் காரைத் தெருவில் போனவர்கள் துரத்திக்கொண்டு வந்தார்களாம்.

திட்டத்தின் தலைவர் டொஷிஹிக்கோ ஹிராய் தன் குழுவுக்கு ஒரு பழைய சொல்லைக் கொடுத்தார். ஜின்பா இத்தாய். குதிரையும் ஆளும் ஒரே உடம்பு. கியர்க் கம்பி எவ்வளவு குறுகிய தூரம் நகரவேண்டும், சைலன்ஸர் என்ன சுருதியில் உறுமவேண்டும் என்பதையெல்லாம் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இந்த ரசனைக் கதைகளைத்தான் எல்லாரும் எழுதுவார்கள். தினமும் ஓட்டுபவன் என்ற முறையில் எனக்கு முக்கியம், அவர்கள் யாரும் பார்க்காத இடத்தில் செய்தவை. 1.6 லிட்டர் இன்ஜின் மாஸ்டா 323 என்ற குடும்பக் காரின் வம்சம். உலகெங்கும் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மளிகை சுமந்து, அடிவாங்கிப் பழகியது. பேட்டரி டிக்கியில், எடையைச் சமப்படுத்த. கூரையைத் திறக்க மோட்டார் கிடையாது. இரண்டு கொக்கிகளைத் தளர்த்திக் கையால் பின்னுக்குத் தள்ளவேண்டும். மோட்டார் இல்லாததால் கெட்டுப்போகவும் எதுவுமில்லை. எடை ஒரு டன்னுக்கும் குறைவு, சக்தி 116 குதிரை. ஆரம்ப விலை 13,800 டாலர்.

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அதை வைத்தார்கள். அதே கண்காட்சியில் இன்னொரு ஜப்பானியக் காரும் இருந்தது. ஹோண்டாவின் என்எஸ்எக்ஸ். உடம்பு முழுக்க அலுமினியம், நடுவில் ஆறு சிலிண்டர் இன்ஜின், ஃபெராரிக்கு நேர்ப் போட்டி. ஆனால் ஃபெராரியிடம் யாரும் கேட்காததை ஹோண்டா தன்னிடமே கேட்டுக்கொண்டது. இதை எடுத்துக்கொண்டு தினமும் வெளியே போக முடியுமா? அந்தக் காலத்து ஃபெராரி 348இல் டைமிங் பெல்ட் மாற்ற இன்ஜினையே கீழே இறக்கவேண்டும். என்எஸ்எக்ஸில் சுற்றும் முற்றும் தெளிவாகத் தெரியும், ஏசி வேலை செய்யும், டிக்கியில் சாமான் வைக்கலாம், டிராஃபிக்கில் ஊர்ந்தாலும் முகம் சுளிக்காது. அயர்டன் சென்னா சுஸுக்காவில் ஓட்டிப் பார்த்து உடம்பு இன்னும் உறுதியாக வேண்டும் என்றார், பலப்படுத்தினார்கள். பிறகு மெக்லாரன் எஃப்1 என்ற, அந்தக் காலத்தில் உலகின் மிக வேகமானதாக இருந்த சாலைக் காரை வடிவமைத்த கார்டன் முர்ரே, அதற்கான அளவுகோலாக எடுத்துக்கொண்டது என்எஸ்எக்ஸைத்தான். தானும் ஒன்று வாங்கிப் பல வருடங்கள் ஓட்டினார்.

ஒரே கூரையின் கீழ் நின்ற அந்த இரண்டு கார்களுக்குப் பிறகு, ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கெட்டுப்போகும் என்ற சமாதானம் எடுபடவில்லை. எம்எக்ஸ்-5 உற்பத்தி 2016 ஏப்ரலில் பத்து லட்சத்தைத் தொட்டது. உலகில் கூரை திறக்கும் வேறெந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரும் அத்தனை விற்றதில்லை.

*

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னாலும், “அதெல்லாம் சரி, ஒரு மூட்டை அரிசி ஏத்த முடியுமா?” என்பார். முடியும். 20 பவுண்டு அரிசிப் பை ஒன்று டிக்கியில் போகும். இரண்டாவது பை என்றால் பக்கத்து இருக்கைக்கு பெல்ட் போட்டு உட்காரவைக்கவேண்டும்.

நியாயமாக, குறைகளையும் சொல்கிறேன். ஃப்ரீவேயில் லாரியின் சக்கரம் என் காதுக்கு நேராகச் சுற்றும். லாரி டிரைவருக்கு நான் தெரிகிறேனா என்பதை அவர் கண்ணாடியில் அவர் முகத்தைத் தேடித்தான் உறுதிசெய்துகொள்வேன். ஏர்பேக் எனக்கு ஒன்று மட்டும் உண்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கிடையாது. அதனாலேயே மகளை இதில் ஃப்ரீவேக்கு அழைத்துப் போனதில்லை. மாலை டிராஃபிக்கில் க்ளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வலிக்கும். ஒருமுறை டிக்கி விளக்கை அணைக்காமல் விட்டு பேட்டரி செத்து, கேம்பஸ் செக்யூரிட்டியிடம் கேபிள் கேட்டு நின்றேன். என் மறதி, காரைச் சொல்லிப் பயனில்லை.

வேகமா? அனாஹைம் அருகே மாலை ஐந்தரைக்கு ஸ்போர்ட்ஸ் காரும் பேருந்தும் ஒரே வேகம்தான். ஆனால் முன்பு ஆட்டோமேட்டிக் செடானில் போன 70 நிமிடம் எனக்கு எதுவும் நினைவில் இல்லை. ஏறி உட்காருவேன், இறங்குவேன், நடுவில் ஒன்றுமில்லை. வருடத்துக்கு 500 மணி நேரம் அப்படிப் போனது. இதில் கூரையைத் திறந்தால் பக்கத்து லேன்காரன் பாட்டு, தார் வாசனை, சாந்தா ஆனா தாண்டியதும் வரும் குளிர்ந்த காற்று எல்லாம் தெரிகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவது கியருக்குச் சரியாக விழுந்தால் ஒரு சின்ன சந்தோஷம். 40 கிலோமீட்டரில் முப்பது முறையாவது அது கிடைக்கும். வேலையும் வீடும் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருந்த நேரம் அது ஒன்றுதான். அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அப்பா வந்து இரண்டாவது வாரம், வீட்டில் போரடிக்கிறது என்று என்னுடன் கிளம்பினார். ஆபீஸ் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது, அரை நாள் அங்கே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். காரில் இறங்கவே இரண்டு நிமிடம் ஆனது. “கிணத்துல எறங்குற மாதிரில்ல இருக்கு” என்றார். தொப்பியை எடுத்துப் போட்டுவிட்டேன். கூரை திறந்தே இருந்தது.

இந்த ஊரில் ஒரு ஏற்பாடு உண்டு. காரில் இரண்டு பேர் இருந்தால் கார்பூல் லேனில் போகலாம், அங்கே கூட்டம் குறைவு. ஆறு வருடத்தில் வேலைநாளில் நான் அதில் போனதே இல்லை, பக்கத்து இருக்கை காலி. அன்று உரிமையோடு அந்த லேனில் நுழைந்தேன். மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க நாங்கள் கடந்துபோனோம். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஹெரால்டைப் பற்றி ஆரம்பித்தார். பெரியப்பா அதை வாங்கிய அன்று அவருக்கு ஓட்டத் தெரியாதாம். அப்பாதான் கற்றுக்கொண்டு ஓட்டினாராம். கல்யாணமான புதிதில் ஒருநாள் பெரியப்பாவிடம் பொய் சொல்லி சாவியை வாங்கி, அம்மாவை மட்டும் உட்காரவைத்து அணைக்கரை வரை போய்வந்தாராம்.

“எட்டுப் பேர் போற வண்டி. அன்னிக்கு ரெண்டே பேரு” என்றார்.

எனக்கு இந்தக் கதை தெரியாது. அம்மா சொன்னதே இல்லை. கியரை மாற்ற மறந்து நான்காவதிலேயே இன்ஜின் முனகிக்கொண்டிருந்தது.

அர்வைன் சீக்கிரம் வந்துவிட்டது. கார்பூல் லேனில் 35 நிமிடம்தான். கைகொடுத்து அவரைத் தூக்கி இறக்கினேன். வேட்டியை உதறிச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

“சாயங்காலம் அந்த லேன் வேண்டாம்டா. எல்லாரும் போற லேன்லயே போ.”